நான்கு சீட்டுகள்

1994 ஏப்ரலில், ராமேஸ்வரத்தில் ஒரு விடுதி அறையில் உட்கார்ந்து, செத்த ஓணான்கள் நான்கின் காலில் பொய்யைக் கட்டினேன். என் கையெழுத்தில், என் பெயர் போட்டு, அழியாத கறுப்பு மையில் எழுதிக் கட்டினேன். முப்பது ஆண்டுகள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நேராகக் கேட்டபோதும் மறைத்தேன். இப்போது முழுவதையும் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது. அதற்கு உங்களுக்கு எல்லாம் தெரிய வேண்டும்.

அப்போது எனக்கு 26 வயது. மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வு மாணவன். தென்கடற்கரையின் மணற்காடுகளில் வாழும் ஊர்வனவற்றையும் தவளை, தேரைகளையும் சேகரித்துப் பட்டியலிட எங்கள் துறைக்கு ஒரு சிறிய திட்டம் கிடைத்திருந்தது. துறையில் எல்லோரும் அதைப் 'பாலைவனப் பயணம்' என்றே சொன்னோம். முதலில் திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரியின் செம்மணல். அடுத்து சாயல்குடிக்குத் தெற்கே கடலோரப் பனங்காடு. கடைசியில் தனுஷ்கோடியின் வெண்மணல். மூன்று இடம், 16 நாள். அனுமதிக் கடிதம் கையில் இருந்தது. தேரியில் பேராசிரியரும் கூட இருந்தார். பிறகு அவர் ஊருக்குத் திரும்பினார். மீதி இரண்டு இடமும் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சொல் எனக்கு இனித்தது. ஃபார்மலின் பாட்டில்கள், ஊசிகள், துணிப்பைகள், சீட்டுக் கட்டு, நூல்கண்டு எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பெட்டியில் என்ன என்று கேட்டார். "ஆராய்ச்சி" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவரிடம் பேசுவது எனக்குக் குறைவாகப் பட்டது. அப்படிப்பட்ட ஆளாகத்தான் நான் சாயல்குடியில் இறங்கினேன்.

நாங்கள் முக்கியமாகத் தேடியது விசிறித் தொண்டை ஓணானை. வாலோடு சேர்த்து ஒரு சாணுக்குள் இருக்கும். மண்ணின் நிறம். சும்மா கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. பங்குனி, சித்திரை வெயிலில் ஆண் ஓணான் ஒரு கல்லின் மேலோ காய்ந்த சாணத்தின் மேலோ ஏறி நின்று தொண்டையின் கீழுள்ள தோலை விசிறி போல விரித்து விரித்து மடக்கும். துரத்தினால் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பின்னங்கால்களால் மட்டும் ஓடும். 1829-ல் பிரெஞ்சு அறிஞர் கூவியே இதற்குச் சிட்டானா பாண்டிசேரியானா என்று பெயர் வைத்தார். புதுச்சேரியின் பெயர் அது. ஓர் உயிரின் பெயருக்குள்ளேயே அதன் ஊர் இருந்தது. அதன் பின் கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டுகள், தீபகற்பத்தில் எங்கே இந்த ஓணானைக் கண்டாலும் பெரும்பாலும் அந்த ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். நானும் அதைத்தான் படித்திருந்தேன்.

சாயல்குடியில் எனக்கு வழிகாட்ட ஒரு பனையேறி கிடைத்தார். ஐம்பதை நெருங்கியவர். அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். அது பதநீர்க் காலம். விடிவதற்கு முன்னும் மாலையிலும் அவர் மரம் ஏறுவார். இடையில் கிடைக்கும் நேரம் எனக்கு. அவர் வீட்டார் விடிலியில், அந்த ஓலைக் கொட்டகையில், கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். புகையும் பாகு வாசமும் அந்தக் காடு முழுக்க இருக்கும்.

அண்ணாச்சி ஒரு நீளமான ஈர்க்கின் நுனியில் தூண்டில் நரம்பைச் சுருக்குப் போட்டுக் கட்டுவார். ஓணான் தலையைத் தூக்கி நிற்கும்போது, நிழல் அதன் மேல் விழாத பக்கமாகப் போய், சுருக்கை அதன் கழுத்தில் மெல்ல இறக்குவார். ஒரு சுண்டு. அவ்வளவுதான். நான் வலையை வீசி வீசி ஒரு நாளில் ஒன்று பிடித்தேன், அதுவும் வால் அறுந்து போனது. அவர் ஒரு மணி நேரத்தில் மூன்று பிடித்தார். ஒன்றுக்கு ஐந்து ரூபாய் கொடுத்தேன். அது போதும் என்று நினைத்தேன்.

முதல் நாள் இரவு கோடை மழை பெய்தது. கண்மாய் ஓரம் டார்ச் அடித்துப் போனோம். மாதக்கணக்காக மண்ணுக்குள் கிடந்த தவளைகள் வெளியே வந்திருந்தன. பந்து போல உடம்பு, குட்டைக் கால். பின்னங்காலில் மண்வெட்டி போல ஒரு தடிப்பு இருக்கும். அதனால் தோண்டிப் பின்புறமாகவே மண்ணுக்குள் இறங்கிவிடும். ஏழு பிடித்தோம். அண்ணாச்சி ஒரு பழைய கலயத்தில் ஈர மணலை நிரப்பி அவற்றை விட்டுக் கொடுத்தார். "ஈரம் காயாமப் பாத்துக்கங்க தம்பி. ஈரம் போனா உசுரு போயிரும்" என்றார்.

ஊரை விட்டுக் கிளம்பும்போது அந்தக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற எனக்கு வெட்கமாக இருந்தது. தவளைகளை ஒரு பாலிதீன் கவருக்கு மாற்றிக் கலயத்தை அங்கேயே வைத்துவிட்டேன். ராமநாதபுரம் பஸ் நிலையத்தில் சாப்பிட்டேன், டீ குடித்தேன், பேப்பர் படித்தேன். கவர் பெட்டியின் மேல் வெயிலில் இருந்தது. திரும்பி வந்து பார்த்தபோது ஏழும் செத்து உப்பிக் கிடந்தன. பஸ் நிலையத்துக்குப் பின்னால் சாக்கடையில் கொட்டினேன். குறிப்பேட்டில் "ஏழு பார்க்கப்பட்டன, பிடிக்க முடியவில்லை" என்று எழுதினேன். எழுத்தில் என் முதல் பொய் அதுதான். எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் கேட்கப் போவதில்லை என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

ஆனால் அதற்கு முன்பே நான் உடைந்திருந்தேன். அதையும் சொல்ல வேண்டும்.

பனங்காட்டில் மூன்றாம் நாள் காலை, விழுந்து கிடந்த காவோலை ஒன்றைக் கையால் புரட்டினேன். குச்சியால் புரட்ட வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். எனக்குத் தெரியாதா என்ற எண்ணம். ஓலைக்குக் கீழே, என் விரலிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சுருட்டை விரியன் ஒன்று சுருண்டு கிடந்தது. உடம்பின் மடிப்புகளை ஒன்றோடொன்று உரசியது. அந்தச் செதில்களின் சத்தம் காய்ந்த எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி இருந்தது. கடிக்கவில்லை. நான் கையை எடுத்தேனா, அது விலகியதா, நினைவில்லை. சற்றுத் தள்ளி மணலில் உட்கார்ந்திருந்தேன். கை நடுங்கியது. நிறுத்த முடியவில்லை.

இந்தியாவில் அதிகம் பேரைக் கொல்லும் நான்கு நச்சுப் பாம்புகளில் அது ஒன்று என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். பயந்ததற்காக இப்போது வெட்கப்படவில்லை. பயத்தைச் சொல்லாததற்காக வெட்கப்படுகிறேன். அண்ணாச்சியிடம் எனக்குக் காய்ச்சல் என்றேன். அதன் பின் மூன்று நாள் நான் விடிலி நிழலைத் தாண்டவில்லை. அவர் தனியாகப் போய்ப் பிடித்து வந்தார். விடியலில் மரம், நடுப்பகலில் எனக்காக ஓணான், மாலையில் மறுபடி மரம். செருப்பு இல்லாத கால். அதே காவோலைகள், அதே பாம்புகள். என் காய்ச்சலுக்கு அவர் வீட்டார் சுக்குக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சிக் கொடுத்தார்கள். குடித்தேன்.

கடைசி நாள் அவர் இரண்டு துணிப்பைகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒன்றில் ஒன்பது, மற்றதில் நான்கு. இரண்டாவது பையின் வாயைப் பனை நாரால் இரட்டை முடிச்சுப் போட்டிருந்தார்.

"தம்பி, இது வேற, அது வேற. கலந்துராதீக" என்றார்.

பார்த்தேன். ஒரு பையில் இருந்தவற்றுக்குத் தொண்டை விசிறி பெரிதாக வயிறு வரை இறங்கியிருந்தது. மற்றதில் சிறியது. "எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி. சின்னது குட்டி" என்றேன்.

"குட்டி இல்ல தம்பி. நான் சின்னப் பிள்ளையிலருந்து பாக்குறேன். ரெண்டும் இந்தக் காட்டுலதான் கெடக்கு. ஆனா ரெண்டும் வேற சாதி."

நான் சிரித்தேன். படித்தவன் படிக்காதவரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது. அவர் மேற்கொண்டு பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நான் காயப் போட்டிருந்த வெற்றுச் சீட்டுகளைப் பார்த்து, இதில் என்ன எழுதுவோம் என்று கேட்டார். உயிரின் பெயர், பிடித்த இடம், நாள், பிடித்தவர் பெயர் என்றேன்.

"பிடிச்சவன் பேரா? அப்ப என் பேரும் எழுதுவீகளா?"

"எழுதுவோம் அண்ணாச்சி" என்றேன்.

மறுநாள் மாலை ராமேஸ்வரம். அதற்கு அடுத்த நாள் காலை, முகுந்தராயர் சத்திரம். அன்றைக்குத் தார்ச்சாலை அங்கேயே முடிந்துவிடும். அதற்கு அப்பால் மணலில் ஓடும் மீன் வண்டியில் தொற்றிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் நடக்க வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ரயிலோடும் ஊரோடும் போன தனுஷ்கோடி, அந்த மணலின் கடைசியில் இருந்தது. வண்டிக்காரர் "வர்றீகளா சார்" என்று கேட்டார்.

இருபுறமும் கடல். நடுவே வெள்ளை மணல். அதில் ராவணன் மீசைப் புல்லும் அடப்பங்கொடியும் திட்டுத் திட்டாகக் கிடந்தன. ஒவ்வொரு திட்டுக்கும் கீழே ஒரு சுருட்டை இருப்பதாக எனக்குத் தோன்றியது. கொடியைப் புரட்டாமல் ஓணானைத் தேட முடியாது. என் கை சட்டைப் பைக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்க முடியவில்லை. அடுத்த வண்டியில் வருகிறேன் என்றேன். அடுத்த வண்டி வந்தது, போனது. டீக்கடை பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு ராமேஸ்வரத்துக்குத் திரும்பினேன். தனுஷ்கோடி மணலில் என் கால் படவில்லை.

அன்றிரவு விடுதி அறையில் கரண்ட் போனது. மெழுகுவர்த்தி ஏற்றினேன். மேசை மேல் எனாமல் தட்டு. பக்கத்தில் இரண்டு பைகள். சாயல்குடி ஓணான்கள் 13-ஐயும் அன்றுதான் பதப்படுத்த உட்கார்ந்தேன்.

அந்த நேரத்தை மெதுவாகச் சொல்கிறேன். தப்பு நடந்த இடம் அதுதான்.

முதல் பையின் ஒன்பதுக்கும் எண்ணும் ஊரும் சரியாக எழுதினேன். பிறகு பதிவேட்டில் தனுஷ்கோடிக்கு என்று கோடு போட்டு வைத்திருந்த பக்கத்தைத் திருப்பினேன். வெறுமையாக இருந்தது. தனுஷ்கோடியில் இந்த ஓணான் இருக்க வேண்டும் என்று திட்ட அறிக்கையில் பேராசிரியர் முன்பே எழுதியிருந்தார். வெறும் பக்கத்தோடு போனால் ஏன் என்று கேட்பார். போகவில்லை என்று சொல்ல வேண்டும். ஏன் போகவில்லை என்றால் பயம் என்று சொல்ல வேண்டும்.

இரட்டை முடிச்சுப் போட்ட பையை எடுத்தேன். பனை நார் இறுகியிருந்தது. நகத்தால் அவிழ்க்க வரவில்லை. பிளேடால் அறுத்தேன். நான்கையும் தட்டில் வைத்தேன். ஒன்றின் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கினேன். நான்கே விரல். இந்த ஓணானுக்குப் பின்னங்காலில் ஐந்தாம் விரல் கிடையாது. அந்தச் சின்னக் காலில், முழங்காலுக்கு மேல், நூலைச் சுற்றிச் சீட்டைக் கட்டினேன். எண் 17. இடம்: தனுஷ்கோடி. பிடித்தவர் என்ற இடத்தில் பேனா நின்றது. நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது. பிறகு என் பெயரை எழுதினேன். 18, 19, 20. ஒன்பதிலும் ஏற்கெனவே என் பெயரைத்தான் எழுதியிருந்தேன். அண்ணாச்சியின் பெயர் 13 சீட்டில் ஒன்றில்கூட இல்லை.

கோயில் பக்கத்துக் கடையில் தனுஷ்கோடிப் படங்கள் விற்றார்கள். இடிந்த தேவாலயம், ரயில் நிலையச் சுவர். இரண்டு வாங்கியிருந்தேன். அவற்றைப் பார்த்துப் பார்த்துக் களக்குறிப்பு எழுதினேன். தேவாலயத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்றுகூட எழுதினேன்.

எங்கள் தொழிலில் உடலைவிடச் சீட்டுக்குத்தான் மதிப்பு. ஊர் தெரியாத ஓணான் வெறும் ஊறுகாய் என்று பழைய ஆசிரியர்கள் சொல்வார்கள். ஊர் தவறான ஓணான் அதைவிடக் கெட்டது. ஊர் தெரியாததை ஒதுக்கி வைத்துவிடலாம். தவறானதை நம்பிவிடுவார்கள்.

நம்பினார்கள். 1996-ல் கட்டுரை வந்தது. அட்டவணையில் ஒரு வரி: தனுஷ்கோடி, 4. அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் அதே கல்லூரியில் எனக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. 28 ஆண்டு சம்பளம் வாங்கினேன்.

வகுப்பில் ஒரு பாடம் நடத்துவேன். ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி அருங்காட்சியகங்களில் பறவைப் பதனங்களைத் திருடி, தானே பிடித்ததாகப் பொய்ச் சீட்டுக் கட்டி வைத்தவர். நம் நாட்டுக் காட்டுச் சிற்றாந்தை ஒன்று 1884-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் 1914-ல் குஜராத்தில் பிடித்ததாக அவருடைய சீட்டு சொன்னது. அதை நம்பித் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பமேலா ராஸ்முசன் அந்தச் சீட்டு பொய் என்று கண்டுபிடித்தார். அதைத் தள்ளிவிட்டு, மெய்யான பழைய பதிவுகளின் வழியே போனார். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் ஆந்தை உயிரோடு கிடைத்தது. இதை நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொன்னேன். ஆவேசமாகச் சொன்னேன். பக்கத்து அறை அலமாரியில் அந்த நான்கு ஓணான்கள் கிடந்த என் குடுவை இருந்தது.

2016-ல் இந்திய ஆய்வாளர்கள் விசிறித் தொண்டை ஓணான்களை மறுபடி ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஒரே பெயருக்குள் பல இனங்கள் இருந்தன. ஒன்றுக்கு விசிறி என்ற நம் சொல்லையே வைத்து, சிட்டானா விசிறி என்றார்கள். அதே ஆண்டு தென் தமிழ்நாட்டிலிருந்து இன்னொன்று வந்தது. மருதத்தையும் நெய்தலையும் சேர்த்துச் சிட்டானா மருதம்நெய்தல் என்று பெயர். விசிறிக்கு மிக நெருங்கியது. ஆனால் தொண்டை விசிறி அதைவிடச் சிறியது.

அந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடினேன். பனை நாரின் இரட்டை முடிச்சு கண் முன்னால் வந்தது. அண்ணாச்சி காட்டிய இரண்டும் இந்த இரண்டுதானா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒரே காட்டில் இரண்டு சாதி உண்டு என்று 22 ஆண்டு முன்பே ஒரு மனிதர் பிரித்துக் கட்டிக் கொடுத்தார். அந்தச் சான்றை நான் அறுத்தேன். சிறிய விசிறி ஓணானைச் சாயல்குடியிலிருந்து எடுத்து, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தீவின் கடைசி மணலில் வைத்தேன்.

2018 பிப்ரவரியில் ஓர் ஆய்வு மாணவி தொலைபேசியில் அழைத்தார். எங்கள் கல்லூரிக் குடுவைகளைப் பார்த்திருக்கிறார். சிறிய விசிறி ஓணான் தனுஷ்கோடியில் என்ற என் சீட்டு அவரைத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. இலங்கையின் விசிறித் தொண்டை ஓணான்களில் இரண்டு இனங்களுக்கு 2015-ல்தான் தனிப் பெயர் வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் கடல் தாழ்ந்திருந்தபோது இக்கரையும் அக்கரையும் ஒரே நிலம். அப்படியிருக்க, தலைமன்னாரைப் பார்த்து நீண்டு கிடக்கும் அந்த மணல் நுனியில் ஓர் ஓணான் கிடைத்ததென்றால், அது இரண்டு கரைக்கும் நடுவில் நிற்கும் சாட்சி. அவருடைய ஆய்வின் ஓர் அத்தியாயமே அந்த நான்கு சீட்டின் மேல் எழும்பிக்கொண்டிருந்தது.

"சார், அந்த நாலையும் நீங்களே பிடிச்சதா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன்.

"சர்ச்சுக்கு எந்தப் பக்கம் சார்?"

ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியில் எல்லாவற்றையும் முடித்திருக்கலாம். எனக்கு 50 வயது. வேலை நிரந்தரம். பேராசிரியர் காலமாகிவிட்டார். இழக்க எனக்குப் பெயரைத் தவிர ஒன்றும் இல்லை. "தெற்கே. ரயில் நிலையத்துக்கும் சர்ச்சுக்கும் நடுவுல" என்றேன். படத்தில் பார்த்த இடம்.

அவர் அந்த ஏப்ரலில் போனார். 12 நாள் தேடினார். கிடைக்கவில்லை. அடுத்த ஏப்ரலிலும் போனார். தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தாராம். அவருடைய வழிகாட்டியும் அப்படித்தான் சொன்னாராம். இரண்டாம் முறை வெயிலில் மயங்கி விழுந்தார். அங்கே குடிசை போட்டிருந்த மீனவப் பெண்கள் மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீரைக் கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார்கள். இதை அவர் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். பிறகு, "நீங்க நாலு பிடிச்ச இடத்துல எனக்கு ஒண்ணுகூடக் கிடைக்கலையே சார்" என்றார். நான், "களப்பணி அப்படித்தாம்மா" என்றேன்.

2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்திருந்தார்கள். வண்டிகள் வந்தன, கூட்டம் வந்தது. மாணவி வேறு விளக்கம் கிடைக்காமல், 1994-க்கும் 2019-க்கும் இடையில் இந்த ஓணான் தனுஷ்கோடியில் அழிந்திருக்கலாம், சாலையும் சுற்றுலாவும் காரணமாகலாம் என்று எழுதினார். என் பொய் ஓர் உயிரின் அழிவாக மாறியது. அந்த அத்தியாயத்தை என் கருத்துக்காக அனுப்பினார். படித்தேன். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பினேன். என் வாழ்நாளில் நான் செய்தவற்றில் அதைவிட இழிவான காரியம் எனக்கு நினைவில்லை. விடுதி அறையில் நான் பயந்த பையன். இங்கே எனக்கு எந்தப் பயமும் இல்லை. மரியாதை போய்விடும் என்ற ஒரே எண்ணம்.

தேர்வாளர்கள் அந்த அத்தியாயத்தை ஏற்கவில்லை. அவர் அதை எடுத்துவிட்டு மறுபடி எழுதினார். உதவித்தொகை நின்றுபோனது. ஒன்றரை ஆண்டு போனது. இப்போது ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறார். வேறு காரணங்களும் இருந்திருக்கலாம் என்று என்னைத் தேற்ற முயன்றவர்கள் உண்டு. அந்தத் தேறுதலை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

2024 சித்திரையில் சாயல்குடிப் பக்கம் போனேன். பனங்காட்டில் பாதி சீமைக் கருவேலமாக மாறியிருந்தது. அண்ணாச்சியின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவர் இறந்து 15 ஆண்டு ஆகியிருந்தது. மகள் இருந்தார். யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. நாற்காலி போட்டார்.

"அப்பா சொல்லுவாக சார். மதுரையில பெரிய காலேசுல ஒரு கண்ணாடிக் குடுவையில என் பேரு கெடக்குன்னு. பேரப்பிள்ளைகள்ட்டயும் சொல்லிருக்காக. இன்னும் இருக்கா சார் அது?"

இல்லை என்றேன். எப்போதும் இருந்ததில்லை என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். காய்ச்சல் பொய் என்பதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். நான் திண்ணையில் காத்திருந்தேன். அவர் திரும்பி வரவில்லை. வெயில் திண்ணைக்கு ஏறியது. கிளம்பி வந்தேன்.

ஊர் வந்ததும் மூன்று கடிதம் எழுதினேன். கல்லூரிக்கு ஒன்று: சீட்டுகளைத் திருத்தும்படி. கட்டுரையை வெளியிட்டவர்களுக்கு ஒன்று: அந்த வரியை நீக்கும்படி. மூன்றாவது அந்த மாணவிக்கு. அவரிடமிருந்து ஒரே வரி பதில் வந்தது. "2018-லேயே சொல்லியிருக்கலாமே சார்."

அண்ணாச்சியின் பெயரை இங்கே வெளியிட அனுமதி கேட்டு மகளுக்கும் எழுதினேன். பதில் இல்லை. அதனால் இதில் அவர் பெயர் இல்லை.

என் கட்டுரையின் அந்த வரியை எடுத்தாண்ட பட்டியல்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 17, 18, 19, 20 என்று எண் கட்டிய நான்கு ஓணான்களும் தனுஷ்கோடியில் பிடித்தவை அல்ல. சாயல்குடிக்குத் தெற்கே, கடலோரப் பனங்காட்டில், 1994 ஏப்ரலில், ஒரு பனையேறி ஈர்க்குச் சுருக்கால் பிடித்தவை. பெரிய விசிறி ஓணான் ஒன்பதும் அதே காட்டில், அதே நாட்களில், அவர் கையால் பிடித்தவையே. நான் அப்போது விடிலி நிழலில் படுத்திருந்தேன்.